கடுக்காய் நீரும் கண்ணாடித் தட்டும்

கடுக்காயில் ஆய்வு செய்ய வருகிற மாணவர்களை நான் நேரே ஆய்வகத்துக்குள் விடுவதில்லை. ஒரு படி கடுக்காயைக் கொடுத்து, இடித்துக் கொட்டையை எடுத்துவிட்டு வரச் சொல்வேன். சித்த மருத்துவத்தில் இதற்குச் சுத்தி என்று பெயர். சுக்குக்கு நஞ்சு தோலில், கடுக்காய்க்கு நஞ்சு கொட்டையில் என்பது நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடிக்கிறவருக்கும் தெரியும். நுண்ணுயிரியல் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு அது வெறும் நம்பிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பு. மருந்தாக வாய்க்குள் போவது சதை மட்டும் என்றால், சோதனைக்கு வர வேண்டியதும் சதை மட்டும்தான். கொட்டையோடு அரைத்த தூளைச் சோதித்துவிட்டுக் கடுக்காயின் மருத்துவக் குணத்தைச் சோதித்ததாக எழுதினால், வைத்தியர் கொடுக்காத ஒன்றைச் சோதித்து அவர் பெயரில் எழுதுவதாகிவிடும்.

கொட்டை எடுப்பதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. அந்தக் காய் எந்த மரத்தில் காய்த்தது? கடையில் வாங்கிய சூரணத்தைக் கொண்டு தொடங்கிய ஆய்வுக் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். தூளாகிவிட்டால் கடுக்காயும் தான்றிக்காயும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுமே டெர்மினாலியா பேரினத்து மரங்கள். அதனால் கொல்லிமலையோ கல்வராயன் மலையோ, காய் எங்கிருந்து வந்தாலும் அதே மரத்தின் இலையும் பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் பார்த்துப் பெயர் சொல்லி எண் கொடுத்த பிறகுதான் மேலே போக வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் வசதிக் குறைவு இல்லை. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ கட்டி எழுப்பிய ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. காயின் பருவத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிஞ்சுக் கடுக்காயைத் தனிச் சரக்காக வைத்தியர்கள் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. முற்ற முற்ற உள்ளிருக்கும் டானின்களின் அளவும் கலவையும் மாறுகின்றன.

டானின் என்ற இந்தத் துவர்ப்புப் பொருள்தான் கடுக்காயின் உயிர். கெபுலாஜிக் அமிலம், கெபுலினிக் அமிலம், காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் என்று ஒரு பெரிய குடும்பம். தோல் பதனிடுகிறவர்களுக்கு இது பிழைப்பு. ஆட்டுத்தோலின் புரதத்தை இறுகப் பிடித்து அழுகவிடாமல் காப்பது இதே வகைப் பொருள்தான். பழைய கோயில்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரை ஊற்றிக் குழைத்தார்கள். இரும்பைச் சேர்த்து மை காய்ச்சினார்கள். கலம்காரித் துணியைச் சாயம் ஏற்றும் முன் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்தார்கள். புரதத்தைப் பிடிக்கும், இரும்பைப் பிடிக்கும், சாயத்தைப் பிடிக்கும். இந்த மூன்று பிடிகளும் ஆய்வகத்தில் நம் எதிரே வந்து நிற்கும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சாறு எடுக்கும் இடத்தில் பெரும்பாலானோர் மெத்தனாலைத் தேடுகிறார்கள். முந்தைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது என்பதே காரணம். மெத்தனால் நிறையப் பொருள்களை இழுத்துக் கொடுக்கும், உண்மை. ஆனால் எந்த வைத்தியரும் கடுக்காயை மெத்தனாலில் ஊறவைத்துக் கொடுத்ததில்லை. ஆல்கஹால் வெறுமனே கரைப்பதோடு நிற்பதும் இல்லை. நீண்ட நேரம் சூடாக்கினால் காலிக் அமிலத்தோடு சேர்ந்து எஸ்டராக மாறக்கூடும். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடுக்காயின் எத்தனால் சாற்றிலிருந்து காலிக் அமிலத்தையும் அதன் எத்தில் எஸ்டரையும் பிரித்தெடுத்து, மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை அவை தடுப்பதைக் காட்டினார்கள். நல்ல ஆய்வு. எஸ்டர் கிடைத்துவிட்டது என்றதும் எனக்கு எழுகிற கேள்வி, அது காயிலேயே இருந்ததா, கரைப்பானில் பிறந்ததா என்பது. அதே காயை வெறும் நீரிலும் சாறெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே எங்கள் மேசையில் குடிநீர் என்ற கஷாயம் எப்போதும் இருக்கும். வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த தூள், எட்டுப் பங்கு தண்ணீர், சிறு தீ, வற்றிய பின் துணியில் வடிப்பது. தீயின் அளவையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். கொதியில் பெரிய டானின்கள் உடைந்து காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் கூடும். அரை மணி கொதித்ததும் இரண்டு மணி கொதித்ததும் ஒரே சாறு ஆகாது. வடித்ததை உறையவைத்து உலர்த்தி எடை போடுகிறோம். அதிலிருந்து கரைத்ததை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு நுண்ணுயிர் நீக்குகிறோம். ஆட்டோகிளேவில் வைத்தால் 121 டிகிரிச் சூடு சாற்றின் வேதியியலையே மீண்டும் மாற்றிவிடும். கொதித்த சாற்றுக்கு எதற்கு வடிகட்டி என்று கேட்பார்கள். காய்த் தூளில் பாசில்லஸ் வகைகளின் வித்துகள் இருக்கக்கூடும்; சாதாரணக் கொதிநிலைக்கு அவை அசைவதில்லை. கிருமியைத் தடுக்கும் காயின் தூளிலேயே கிருமி குடியிருக்கலாம் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பூஞ்சை பிடித்த கடுக்காயை வைத்தியர்கள் தள்ளியதன் அருமை அப்போது விளங்கும்.

இனித் தட்டு. 1941இல் முல்லரும் ஹின்டனும் கொனோரியாக் கிருமிக்காக உருவாக்கிய ஊடகம்தான் இன்று உலகம் முழுக்க மருந்துச் சோதனைக்குப் பயன்படுகிறது. மாட்டிறைச்சிச் சாறு, சிதைத்த கேசீன், மாவுச்சத்து, அகார். தட்டில் அது 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கிருமிக் கரைசலின் கலங்கலை 0.5 மெக்ஃபார்லேண்டு அளவுக்குச் சரிசெய்தால் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 15 கோடி உயிர்கள். பஞ்சுக் குச்சியால் மூன்று திசையில் தேய்க்க வேண்டும். இதையெல்லாம் 1966இல் பாயரும் கிர்பியும் ஷெரிஸும் டர்க்கும் சியாட்டிலில் ஒழுங்குபடுத்தி எழுதிய பிறகுதான், ஓர் ஊரின் அளவை இன்னோர் ஊர் நம்ப முடிந்தது. ஆழம் குறைந்த தட்டில் வட்டம் பெரிதாகும். கிருமி குறைவாகத் தேய்த்தாலும் வட்டம் பெரிதாகும். அகாரை ஊற்றும் மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில் எனக்குச் சோர்வே வந்ததில்லை.

அந்த அகாரும் ஒரு கடல்பாசிச் சத்துதான் என்பதைச் சொல்லாமல் தட்டை ஊற்ற எனக்கு மனம் வராது. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் உருகி வழிந்துகொண்டிருந்த காலத்தில், தன் சமையலறையில் பயன்பட்ட அகாரை எடுத்துக் கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. அகார் எடுக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசியை நம் இராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பறிக்கிறார்கள். நோன்பு திறக்கும் வீடுகளில் கடல்பாசியாக உறைவதும் அகார்தான்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்ததும் குரல் வரும். “மேடம், ஜோன் வந்திருக்கு!” கடுக்காய்ச் சாறு வைத்த குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். ஆரியஸ் தட்டில் அது அழகாக, விளிம்பு தெரிய இருக்கும். ஈ.கோலை தட்டில் பெரும்பாலும் சிறுத்திருக்கும். கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வும், உள்ளே வந்ததை வெளியேற்றும் பம்புகளும் உண்டு. அந்த வட்டத்தைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சியை நான் அடக்கச் சொல்வதில்லை. பக்கத்தில் வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையின் வட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதப் போகும்போதுதான் கையைப் பிடிக்கிறேன். அந்த வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். நாம் குழியில் விட்டது ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள சாறு, 100 மைக்ரோலிட்டர். அதாவது 5,000 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு. போதாததற்கு, வட்டத்தின் அகலம் மருந்தின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை. அகாருக்குள் அது எவ்வளவு வேகமாக ஊர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கெபுலாஜிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறு மெதுவாகவே நகரும், வழியில் புரதத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். கடுக்காயின் வட்டம் சிறிதாக இருப்பதும் பெரிதாக இருப்பதும் இரண்டுமே நம்மை ஏமாற்றக்கூடியவை.

இதைப் புரியவைக்க 1987இல் ஆன் ஹேகர்மன் எழுதிய ஒரு முறையைச் செய்து காட்டுவேன். கிருமியே இல்லாத தட்டு. அகாரோஸில் மாட்டு ரத்த அல்புமின் புரதம் கலந்து ஊற்றி, நடுவில் குழி வெட்டி, கடுக்காய்ச் சாற்றை விட வேண்டும். சில நாளில் குழியைச் சுற்றி ஒரு வெண்மையான வட்டம் விழும். டானின் ஊர்ந்து போன தூரம் வரை புரதத்தைப் பிடித்துத் திரிய வைத்த தடம் அது. டானின் அளவை அளக்கத்தான் அவர் இந்த முறையை வகுத்தார். கிருமி ஒன்றும் சாகாத தட்டிலும் கடுக்காய் வட்டம் போடும் என்று கண்டபின், மாணவர்கள் தங்கள் பழைய தட்டைப் பார்க்கிற பார்வையே மாறுகிறது. இந்தத் தாவரத்தின் மேல் நமக்கு உள்ள பிரியம் கட்டுப்பாட்டுத் தட்டுகளில்தான் தெரிய வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். வட்டம் வந்த தட்டைப் படம் எடுக்க யாரும் முன்வருவார்கள். அந்த வட்டம் வேறு எதனாலும் வரவில்லை என்று காட்டும் தட்டுகளைப் பொறுமையாக ஊற்றுவதற்கு அந்தக் காயின் மேல் அக்கறை வேண்டும்.

முதல் சந்தேகம் புளிப்பு. செறிந்த கடுக்காய் நீர் அமிலத் தன்மை உள்ளது; முல்லர்-ஹின்டன் ஊடகமோ பிஹெச் 7.2 முதல் 7.4 வரை. சாறு சேர்ந்த பின் ஊடகத்தின் பிஹெச் எவ்வளவு இறங்கியது என்று அளந்து, அதே அளவுக்கு வெறும் அமிலத்தால் இறக்கிய ஊடகத்திலும் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். காரம் சேர்த்துச் சாற்றைச் சமன்படுத்திவிடலாமே என்று தோன்றும். காரத்தில் டானின் உடனே கறுத்து ஆக்சிஜனேற்றம் அடையும். சோதிக்க வந்த பொருளே கைநழுவிப் போகும்.

அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. 2000இல் ஹாலிவெல் குழுவினர் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டினார்கள்: தேயிலை போன்றவற்றின் பாலிஃபீனால்களைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால், ஊடகத்தோடு வினைபுரிந்து அவை பெராக்சைடை உண்டாக்கும். அப்படியானால் கிருமியைத் தடுத்தது கடுக்காயா, தட்டில் புதிதாகப் பிறந்த பெராக்சைடா? காட்டலேஸ் நொதியைச் சேர்த்து இன்னொரு வரிசை வைத்தால் தெரிந்துவிடும். அதில் கிருமி மீண்டும் தழைத்தால் பெராக்சைடுக்குப் பங்கு உண்டு.

இரும்பின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டால் கிருமி பட்டினி கிடக்கும். ஈ.கோலை தனக்கு வேண்டிய இரும்பைப் பிடித்துவர என்டெரோபாக்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதுவும் டானின் போலவே பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில் கைகளால்தான் இரும்பைப் பற்றுகிறது. கடுக்காயும் கிருமியும் ஒரே இரும்புக்காக ஒரே வகைக் கையை நீட்டுகின்றன. லாக்டோபாசில்லஸ்களுக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை என்பதால் டானினை அவை நன்றாகவே தாங்குகின்றன. ஊடகத்தில் இரும்பைக் கூட்டிப் பார்க்கும்போது தடுப்பு தளர்ந்தால், “ஐயோ, இது வெறும் இரும்புப் பிடிதானா” என்று சோர்ந்து போகிறார்கள். சோர வேண்டியதில்லை. ஈறில் துவர்க்கப் பூசிய கடுக்காய்த் தூள் அங்கே செய்வதும் அதுவாக இருக்கலாம். எப்படித் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டோம். அவ்வளவு தூரம் அருகில் வந்திருக்கிறோம்.

இவற்றைக் கடந்தபின்தான் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமிகள் இருக்கும்படி சேர்த்து, கிருமி வளராத கடைசிக் குழியைக் குறிக்க வேண்டும். உயிர் இருக்கும் குழியில் ரெசாசுரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். கடுக்காயின் பழுப்பு நிறம் கண்ணைக் குழப்பும். அதன் ஒடுக்கும் ஆற்றல் சாயத்தையே மாற்றிவிடக்கூடும். அதனால் கிருமி இல்லாத சாறு மட்டும் உள்ள வரிசை கட்டாயம். கடைசியில் குழியிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் பரப்பி எண்ணுவதைத்தான் நான் முழுதாக நம்புகிறேன். நூற்றுக்கு 99.9 போய்விட்டால் கொன்றது என்று எழுதலாம். இல்லாவிட்டால் தடுத்தது என்று மட்டும்.

வருகிற எண்ணை எங்கே வைத்துப் பார்ப்பது? ரியோஸும் ரெசியோவும் 2005இல் எழுதிய எச்சரிக்கையை எல்லோருக்கும் படிக்கக் கொடுக்கிறேன்: முழுச் சாறுகளுக்கு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் செயல்திறன் உண்டு என்று சொல்ல வேண்டாம், 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் கவனியுங்கள். ஒரு சிறு கணக்கும் போட்டுக் காட்டுவேன். பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவு வர, 5 கிராம் சாறு அப்படியே, சிந்தாமல் சிதறாமல் ரத்தத்தில் ஏற வேண்டும். கடுக்காயின் பெரிய டானின்கள் குடலில் அப்படி ஏறுவதில்லை. எல்லாஜிடானின்களைக் குடல் நுண்ணுயிர்கள் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் பரவிய தொற்றைத் தட்டில் கண்ட வட்டத்தை நம்பிக் கடுக்காயால் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அது உயிர் போகிற பேச்சு. அதை நான் எந்த மேடையிலும் மறுப்பேன்.

ஆனால் ஒரு தனிப் பொருளைப் பிரித்தெடுத்து அது பலவீனமாக இருந்தால் மூலிகையே பலவீனம் என்று முடிவு கட்டுவதையும் ஏற்க மாட்டேன். மரமஞ்சளிலும் இருக்கும் பெர்பெரின் ஆரியஸ் கிருமிக்குள் நுழைந்தாலும், கிருமியின் பம்பு அதை வெளியே தள்ளிவிடும். 2000இல் ஸ்டெர்மிட்ஸும் லூயிஸும் பெர்பெரின் சுரக்கும் பெர்பெரிஸ் செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளும் இருப்பதைக் கண்டார்கள். அது தனியே கிருமியைக் கொல்லாது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரினின் வேலை பல மடங்கு கூடுகிறது. குடிநீரை முழுசாகவும், பிரித்ததைத் தனித்தனியாகவும், பிரித்ததை மீண்டும் கலந்தும் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஆய்வைப் படித்ததிலிருந்துதான்.

இப்போது நாங்கள் வாயோடு நிற்கிறோம். கடுக்காய்த் தூளால் பல் துலக்கினார்கள், கடுக்காய் நீரால் வாய் கொப்பளித்தார்கள். தட்டில் நாம் வைக்கும் செறிவுக்கு உண்மையாகவே நெருங்கி வர முடிகிற இடம் அது. 30 மில்லிலிட்டர் கொப்பளிப்பு நீரில் ஒரு சதவீதம் சாறு கரைத்தாலே மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். அங்கே எதிரி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அதற்குக் காட்டலேஸ் கிடையாது. ஆரியஸ் தாங்குகிற பெராக்சைடை அது அவ்வளவு தாங்காது. சர்க்கரையிலிருந்து ஒட்டும் குளுக்கனைத் திரித்துப் பல்லில் பற்றிக்கொள்வது அதன் வழக்கம். பாலிஃபீனால்கள் அந்தக் குளுக்கனை உண்டாக்கும் நொதியைத் தடுப்பது தெரிந்த செய்திதான். கிருமி சாகாமல், பல்லில் ஒட்ட மட்டும் முடியாமல் போகலாம். அகார்த் தட்டுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. அங்கே வட்டம் வராது.

ஒட்டிய படலத்தை அளக்க எல்லோரும் கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றி, கழுவி, மிஞ்சிய ஊதாவை அளப்பார்கள். இங்கேதான் கலம்காரிக்காரர்களின் அறிவு தேவைப்படுகிறது. டானின் இப்படிப்பட்ட காரச் சாயங்களை இறுகப் பற்றும். துணிச் சாயத் தொழிலில் டானினை நாடியதே அதற்குத்தான். கசையிழைச் சாயமேற்றலில் நுண்ணுயிரியலாளர்களும் டானிக் அமிலத்தை இதற்காகவே சேர்க்கிறார்கள். கடுக்காய் பட்ட குழியில் ஊதா கூடியிருந்தால், படலம் கூடிற்றா, சாயம் மட்டும் கூடிற்றா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எனவே சாயத்தை விட்டுவிட்டோம். பல் எனாமலின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட் வில்லைகளை வடிகட்டிய உமிழ்நீரில் நனைத்து, அதில் மியூட்டன்ஸை ஒட்டவிட்டு, கடுக்காய் நீரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, படலத்தைக் கலைத்துத் தட்டில் பரப்பிக் கையால் எண்ணுகிறோம். உமிழ்நீரில் உள்ள புரதங்கள் டானினை முதலிலேயே பிடித்துக்கொள்கின்றன; வாய் துவர்ப்பதே அதனால்தான். உமிழ்நீர் உள்ள வில்லையிலும் இல்லாத வில்லையிலும் எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த விலகல் தெரிந்த பிறகு, எவ்வளவு தூள், எவ்வளவு நீர், எத்தனை நேரம் கொப்பளிக்க வேண்டும் என்று ஒரு சித்த மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம்.